டென்திங் அக்காமாருக்கும் அவர்களுக்கு வழிவிட்டவர்களுக்கும் நன்றி

பெண்கள் மட்டுமே பித்தளை வாத்தியங்கள் வாசிக்கும் நோர்வேயின் டென்திங் குழுவின் பத்துப் பேருக்கும், பித்தளை வாத்தியம் பழகும் பிள்ளைகளுக்குத் துணைநிற்கும் எல்லோருக்கும் ஒஸ்லோவில் வாழும் ஒரு தமிழ்த் தாயின் வணக்கம்.

என் மகள் பள்ளிக்கூட கோர்ப்ஸில், அதாவது பிள்ளைகளின் வாத்தியக் குழுவில், டிரம்போன் வாசிக்கிறாள். "பொம்பிளைப் பிள்ளைக்கு இது எதுக்கு?" என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அதற்கு முன்பே உங்கள் காணொளிகளைக் குடும்பமாகப் பார்த்துப் பழகியிருந்தோம். டிரம்பெட், ஹோர்ன், டிரம்போன், டியூபா எல்லாவற்றையும் பெண்களே வாசிப்பது அவளுக்கு வழமையான காட்சி.

ஆனால் இந்த வழமை சும்மா வரவில்லை. 1980இல் ம்யூனிக் ஃபில்ஹார்மோனிக் திரைக்குப் பின்னால் நிறுத்தி நடத்திய தேர்வில் முதன்மை டிரம்போன் இடத்தை வென்றவர் அபி கோனன்ட். திரை விலகிய பிறகு, பெண் என்பதால் அந்த இடத்தைக் காப்பாற்ற நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காகப் போராடினார். நுரையீரல் பரிசோதனைக்குக்கூட அவர் போகவேண்டியிருந்தது. அமெரிக்காவில் சூசன் ஸ்லாட்டர் 1973இல் செயின்ட் லூயிஸ் சிம்பொனியின் முதன்மை டிரம்பெட் கலைஞரானார். தான் ஏறியது போதும் என்று இருக்காமல், பித்தளை வாசிக்கும் பெண்களுக்கென்றே ஒரு சர்வதேச மாநாட்டை 1990களின் தொடக்கத்தில் தொடங்கினார். இந்த இருவரையும் நான் நேரில் கண்டதில்லை. என் மகளின் பெயரால் இருவருக்கும் நன்றி.

தீனே திங் ஹெல்செத், 2007இல் நீங்கள் தோழிகளைச் சேர்த்துத் தொடங்கிய குழு இன்று எத்தனை நாட்டு மேடைகளைக் கண்டுவிட்டது! கிரீக், பிஸே, பியாசொல்லா என்று எந்த இசையமைப்பாளரையும் விட்டுவைக்கவில்லை. பெண் இசையமைப்பாளர்களுக்கென்றே ஓர் ஆல்பமும் செய்தீர்கள். அது எனக்கு மிகவும் பிடித்தது.

உங்களுக்காக இசையை மாற்றி எழுதும் யார்லே ஸ்தோர்லொக்கனை நான் தனியாகச் சொல்லவேண்டும். வயலின்காரருக்கு மூச்சு வாங்க இடம் தேவையில்லை, வில் ஓடிக்கொண்டே இருக்கும். பித்தளைக்கு மூச்சு வேண்டும், உதடும் களைத்துப்போகும். ஒருவர் ஓயும்போது மற்றவர் மெட்டை வாங்கிக்கொள்ளும்படி எழுதினால்தான் பாட்டு அறுந்துபோகாமல் நிற்கும். பிஸேயின் கார்மென் இசையை நீங்கள் வாசிப்பதைக் கேட்கும்போது மெட்டு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று மகள் விரலால் காட்டுவாள். எனக்கு அது அவள் சொல்லித்தான் தெரியும்.

அப்புறம், எங்கள் ஊர்க்காரருக்கு. ஒஸ்லோவில் 1901இல் மொல்லர்காத்தா பள்ளியில் கோர்ப்ஸ் தொடங்கியபோது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். இப்போது நோர்வேயின் தேசிய நாளான மே 17 ஊர்வலத்தில் எத்தனை பெண்பிள்ளைகள் டிரம்பெட்டோடு நடக்கிறார்கள் என்று பாருங்கள். வாத்தியங்கள் விலை கூடியவை. அவற்றை வாங்கவும் திருத்தவும் பழைய பொருள் சந்தை வைத்து, வாஃபிள் சுட்டு விற்று, விடிய விடிய பெட்டி தூக்கும் பெற்றோர் இல்லாவிட்டால் எங்களைப் போன்ற குடும்பத்துக்கு டிரம்போன் கைக்கு எட்டியிருக்காது. முதல் சந்தைக்கு நான் போனபோது மொழி சரியாக வராது. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் மாவு கலக்கும் கரண்டியைக் கையில் தந்து வேலையில் சேர்த்துக்கொண்டார். அவருக்கும், பனியிலும் ஒத்திகை தவறவிடாத எங்கள் கோர்ப்ஸ் நடத்துநருக்கும் மனமார்ந்த நன்றி.

இந்த வருடச் சந்தைக்கும் நான் வருவேன். வாஃபிளோடு வடையும் சுடலாம் என்று பெற்றோர் குழுவில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். டென்திங் அக்காமார் அந்த நேரம் ஒஸ்லோவில் இருந்தால் கட்டாயம் வரவேண்டும். உங்கள் பங்கை எடுத்து வைத்திருப்போம்.

அன்புடன்,
ஒரு டிரம்போன் பிள்ளையின் அம்மா