செயலாளர் அறிக்கை: ஊர் அருங்காட்சியகம், 2024–25

தலைவர், செயற்குழுவினர், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பணம் எந்த வழியில் வந்தது, எந்த வழியில் வராமல் போனது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

நன்கொடைத் துண்டறிக்கையில் "80ஜி வரிவிலக்கு உண்டு" (நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும் கழிவு) என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தோம். பெரிய பலன் இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கு இந்தக் கழிவே கிடையாது. பழைய முறையில் இருப்பவருக்கும் ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் இல்லை. பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. அடுத்த அச்சில் அந்த வரி அடியில் சிறிதாக இருந்தால் போதும்.

ஆனால் ரசீது வேலையில் அசட்டை கூடாது. நன்கொடையாளர் விவரங்களை வருமான வரித் துறைக்குத் தரும் 10பிடி படிவத்தை மே 31க்குள் ஏற்றியாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். சிக்கல் கியூஆர் அட்டையில்தான். பணம் வங்கிக்கு வந்துவிடும், கொடுத்தவரின் முகவரியும் பான் எண்ணும் வராது. அதனால் அட்டைக்குப் பக்கத்திலேயே நோட்டும் பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். அட்டை மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. சுவரில் ஒட்டினால் அதன்மேல் வேறொன்றை யாரும் ஒட்டிவிட்டுப் போகலாம். உண்டியலை மாதக் கடைசிச் சனிக்கிழமை இருவர் முன்னிலையில் எண்ணி, அங்கேயே கையெழுத்து வாங்குகிறோம்.

இந்த ஆண்டு உண்மையில் கைகொடுத்தது புகைப்பட நாள். உலக அருங்காட்சியக நாளான மே 18 சனிக்கிழமையாக அமைந்ததால் மறுநாளும் நீட்டித்தோம். வீட்டுப் பழைய படங்களைக் கொண்டுவரச் சொல்லி, 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கையோடு திருப்பிக் கொடுத்தோம். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்வது அவசியம். ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்த்தால் மேல்படலம் உரிந்துவிடும். அதை இருந்த இடத்திலேயே கேமராவில் எடுத்தோம். படத்தில் இருப்பவர்களை இடமிருந்து வலமாகக் கேட்டு எழுதும் வேலை பாட்டிமார் வசம் போய்விட்டது. ஒருவர் "இது எங்க பெரியப்பா" என்றால் அடுத்தவர் இல்லை என்பார், இரண்டையும் எழுதிக்கொண்டோம். அப்படி வாதாடிய குடும்பங்களே பிறகு காட்சிக் கண்ணாடிப் பெட்டியின் செலவுக்குப் பொறுப்பேற்றன. துண்டறிக்கை மட்டும் கிடைத்த வீடுகளிலிருந்து அநேகமாக யாரும் வரவில்லை. முதலில் கேட்க வேண்டியது தகவலை, பிறகுதான் பணத்தை என்பது என் கருத்து.

பொருள்களும் வந்தன: மரக்கால், படி, வெற்றிலைப் பெட்டி. இனி 'நன்கொடை', 'இரவல்' என்று இரண்டு தனிப் படிவங்கள். வாய்ச்சொல்லை நம்பி வாங்கினால் சில ஆண்டுகளில் பேரன் வந்து திருப்பிக் கேட்பார். இரவல் என்றால் திருப்பும் தேதி எழுத வேண்டும். பதிவெண் ஆண்டும் வரிசையுமாக இருக்கும், 2024.17 என்பதுபோல. எண்ணைப் பொருளின் மேல் எழுதும் முறை இது: அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின் ஒரு பூச்சு, காய்ந்ததும் அதன்மேல் மையால் எண், அதற்குமேல் மறுபடி ஒரு பூச்சு. வேண்டாதபோது அசிட்டோனால் துடைத்தெடுக்கலாம். அவசரத்தில் மார்க்கரால் நேரடியாக எழுதிய மரக்காலில் மை மரத்துக்குள் இறங்கிவிட்டது. அந்தக் கறை இனிப் போகாது.

கடைக்கால் தோண்டும்போது கிடைத்ததாக ஒரு செம்பில் காசுகள் வந்தன. நாம் வாங்கவில்லை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அவரைத் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பினோம். சாமி சிலைகளுக்கும் இதே பதில்தான்: யார் கொண்டுவந்தாலும் வாங்குவதில்லை.

பெட்டிக்குப் பெயர் போட்டுக்கொள்ளப் பலர் முன்வருகிறார்கள், கரண்ட் பில்லுக்கு ஒருவரும் இல்லை. எனவே பெட்டி விலையோடு 20 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று சேர்த்தே கேட்க வேண்டும் என்ற தீர்மானம் இன்று உங்கள் ஒப்புதலுக்கு வருகிறது.

கரையான், வெள்ளிமீன் பார்க்கும் முறைப்பட்டியலில் மழைக்கால மாதங்களான அக்டோபர், நவம்பர் இரண்டும் காலியாக உள்ளன. தாள் வாசல் மேசையில் இருக்கிறது. போகும்போது பெயரை எழுதிவிட்டுச் செல்லவும்.

செயலாளர்