வற்றாப்பளையில் லென்ஸ் தந்த அண்ணாவுக்கு நன்றி

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் வைகாசிப் பொங்கல் இரவு. கற்பூரச்சட்டி எடுத்தவர்களைப் படம்பிடிக்கத் தடுமாறிக்கொண்டிருந்தேன்; எல்லாம் கலங்கலாகவே விழுந்தன. பக்கத்தில் நின்ற நீங்கள் என் கமராத் திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதைப் போட்டுப் பாரும்" என்று உங்கள் 50 மில்லிமீற்றர் லென்ஸையே கழற்றித் தந்தீர்கள். எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்; அதன் எஃப் 1.8 துளை, என்னுடைய லென்ஸின் எஃப் 3.5 ஐவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும் என்பதையும் அந்த நெரிசலிலேயே விளக்கினீர்கள். லென்ஸ் மூடியில் உங்கள் விரலின் திருநீறு ஒட்டியிருந்தது.

நீங்களும் கல்யாண வீடுகளுக்குப் படமெடுப்பவர் என்றீர்கள். நாளை ஒரே வேலைக்கு இருவரும் விலை சொல்லக்கூடும். அப்படியிருந்தும் தந்தீர்கள்.

2009 இடப்பெயர்வில் எங்கள் வீட்டு அல்பங்கள் அத்தனையும் போய்விட்டன. அம்மாவின் கல்யாணப் படம்கூட மிஞ்சவில்லை. அன்று உங்கள் லென்ஸில், சட்டி நெருப்பின் ஒளியில், அம்மாவின் முகம் அவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது. நெற்றி வியர்வைகூடத் தெரிகிறது.

கூட்டத்தில் உங்கள் பெயரைக் கேட்கத் தவறிவிட்டேன். இதை வாசித்தால் சொல்லுங்கள் அண்ணா. உங்களுக்கும் ஒரு பிரதி சட்டமிட்டு வைத்திருக்கிறேன்.