நானாவின் மல்டி பிளக்

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்ததில் பெரிய நிம்மதி. படி ஏறவேண்டாம் என்று டொக்டர் சொன்னால் ஏறாதே. நீ கேட்கமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

என் புது உத்தியோகத்தைக் கேள். ரீச்சராக இருக்கும் என் மனைவிக்கு நிலாவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்துவிட்டது. பென்சன்காரனுக்கு வேறு என்ன வேலை? காலையில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறேன், மத்தியானம் ஏற்றிவருகிறேன். பள்ளி விடுவது ஒன்றரைக்கு. நான் பதினொன்றரைக்கே போய்விடுவேன். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. 2001இல் வந்தது, நீ கனடா போன பிறகு. அதற்குக் கிட்ட ஒரு கோப்பிக் கடையில் மூலை வாங்கு எனக்கென்றே ஆகிவிட்டது.

பெயர்தான் கோப்பிக் கடை. பத்துப் பேர் வந்தால் எட்டுப் பேருக்குப் பால் விடாத பிளேன்ரீதான். இலைத்துரு நோய் 1869இல் வந்து கோப்பித் தோட்டங்களைத் தின்று முடித்த நாடு அல்லவா, இன்னும் பழக்கம் திரும்பவில்லை என்று கடைக்கார நானாவிடம் சொன்னேன். “நோய் என்ன சேர், விலைதான்” என்றார்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதே என் பொழுதுபோக்கு. முதல் வருடத்துப் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள், சீனியர் யாராவது இருந்தால் கதிரையில் உட்காராமல் நின்றபடியே குடித்துவிட்டுப் போவார்கள். சித்த மருத்துவப் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது லேசு, கையில் வெள்ளைக் கோட் மடித்துத் தொங்கும். பத்தியமெல்லாம் படிக்கிறார்களே என்று பார்த்தால், எண்ணெய் சொட்டும் மீன் ரோல்ஸைச் சாப்பிடுவதில் அவர்களை யாரும் வெல்ல முடியாது. பரீட்சை நெருங்கினால், பிள்ளைகள் தங்களுக்குள் படிப்பித்துக்கொள்ளும் குப்பி வகுப்பு கடைக்கே வந்துவிடும். ஒருத்தி கொப்பியை விரித்துவைத்து விளக்குவாள், ஐந்து தலைகள் அதன்மேல் கவிழ்ந்திருக்கும்.

உண்மையைச் சொன்னால், தமிழ்ப் பிள்ளைகள் ஒரு மேசை, முஸ்லிம் பிள்ளைகள் ஒரு மேசை, சிங்களப் பிள்ளைகள் ஒரு மேசை என்றுதான் பெரும்பாலும் இருக்கிறார்கள். நாம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்தது போலத்தான். ஆனால் தூணடியில் ஒரு மேசை மட்டும் எப்போதும் கலவையாக இருந்தது. ஏன் என்று பிடிபட எனக்கு இரண்டு கிழமை ஆனது. கடையில் பிளக் இருப்பது அந்தத் தூணில் மட்டும். நானா அதில் ஒரு மல்டி பிளக்கைச் செருகி விட்டிருக்கிறார். போன் சார்ஜ் இறங்கினவர்கள் யாராக இருந்தாலும் அங்கேதான் வரவேண்டும். வயர் நீளம் காணாது, அதனால் நெருங்கித்தான் உட்காரவேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை அந்த மேசையில் ஒரு சிங்களப் பையன் உள்ளங்கையைப் பார்த்துப் பார்த்து எதையோ முணுமுணுத்தான். சிங்கள எழுத்தில் பேனையால் எழுதியிருந்தான். பிறகு எழும்பி, நானாவைப் பார்த்து, “பிளேன்ரீ, சீனி குரைய” என்றான். நானாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அவர் சிங்களத்தில் பதில் சொல்ல வாயெடுக்க, பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண் கையை உயர்த்தி மறித்துவிட்டாள். “குரைய இல்லை, குறைய. குரைப்பது நாய்” என்றாள் அவனிடம். அவனுக்கு முழுவதும் விளங்கவில்லை, ‘நாய்’ மட்டும் விளங்கியது. மெல்ல ஒரு தரம் குரைத்துக் காட்டினான். மேசையே சிரித்தது. நானா சீனி போடாமலே ரீயைக் கொண்டுவந்து வைத்தார். அவன் முகத்தைச் சுளித்தபடி முழுவதையும் குடித்தான்.

அருணாசலம் விடுதியில் நாலு வருடம் இருந்த எனக்கு என்ன சிங்களம் தெரியும், சொல். “தவ பாண் பாகயக்.” இன்னும் அரை றாத்தல் பாண். அதுவும் பசி படிப்பித்த சிங்களம். அடுத்த அறைச் சிங்களப் பையன் தினமும் சிரித்துவிட்டுத்தான் போவான், நினைவிருக்கிறதா? அவன் பெயரை நான் ஒருநாளும் கேட்கவில்லை. நீ கேட்டாயா? கேட்டிருந்தால் எழுது.

வேறு புதினம் பெரிதாக இல்லை. கோட்டை வாசலில் மான்கள் வழக்கம்போல வாழைப்பழத் தோலுக்குக் காத்து நிற்கின்றன. உன் வீட்டு மதிலில் ஒரு பக்கம் வெடிப்பு, மழைக்கு முன் பூசவேண்டும், கொத்தனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்டில் வருகிறேன் என்றாய். நல்ல காலம், கடல் குளம் மாதிரிக் கிடக்கும். கட்டாயம் ஒருநாள் நானாவின் கடைக்குப் போவோம். போன் சார்ஜரைக் கொண்டுவா. உன் கனடாத் தட்டை முனை என் வீட்டுப் பிளக்கில் போகாது. தூணடி மல்டி பிளக்கில் போகும், பார்த்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்