இழுக்கிற நாய்க்கு இழுவை வேலை கொடுங்கள், தம்பி

அன்புள்ள தம்பி,

சோபாவைக் குதறுகிறது, தோட்டத்தைத் தோண்டிப் போடுகிறது, வாக்கிங் போனால் தோள்பட்டை கழன்றுவிடும்போல இழுக்கிறது என்று உங்கள் ஹஸ்கி நாயைப் பற்றி எழுதியிருந்தீர்கள். காலையும் மாலையும் அரை மணி நேரம் நடத்தியும் அடங்கவில்லையே என்ற வருத்தம் புரிகிறது. அது அடங்காப்பிடாரி இல்லை, தம்பி. செய்ய வேலையில்லாமல் தவிக்கிறது.

சைபீரியாவின் வடகிழக்குக் கோடியில் சுக்சி மக்கள் வளர்த்த இனம் இது. இலேசான சுமையை மிதமான வேகத்தில், குறைந்த தீனியில், வெகுதூரம் இழுத்துப் போவதுதான் அதன் பிறவிக் குணம். 1925-ல் அலாஸ்காவின் நோம் நகரில் குழந்தைகளைத் தாக்கும் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) பரவியபோது, 1,000 கிலோமீட்டருக்கு மேல் மருந்தைக் கைமாற்றிக் கைமாற்றி ஆறு நாளைக்குள் கொண்டு சேர்த்தவை நாய் வண்டிகள். அதில் மிக நீண்ட தூரம் ஓடிய குழுவுக்கு முன்னே ஓடி வழிகாட்டிய முன்னோடி நாய், டோகோ. அப்போது அதற்கு 12 வயது! அந்த வம்சத்துக்குத் தெருமுனை வரை போய்வருவது எப்படிப் போதும்?

ஆகவே இழுப்பதை நிறுத்தப் பார்க்காதீர்கள். அதற்கென்று நேரம் ஒதுக்குங்கள். உங்கள் நாய்க்கு இரண்டு வயது முடிந்துவிட்டது, நல்லது. ஒன்றரை வயதுக்கு முன்பு எலும்பு முழுதாக முற்றியிருக்காது. அப்போது பாரம் இழுக்கவிடக் கூடாது. ஆரம்பிக்கும் முன் மருத்துவரிடம் ஒருமுறை மூட்டுகளைக் காட்டிவிடுங்கள்.

கழுத்துப்பட்டையில் கட்டி இழுக்கவிட்டால் மூச்சுக்குழாய் நெரியும். இழுவைக்கென்றே தைத்த ஹார்னஸ் வேண்டும்; பாரம் மார்பெலும்பில் விழ வேண்டும். தலையைச் சற்று அழுத்தி நுழைக்கும்படி கழுத்து வளையம் கச்சிதமாக இருப்பதே சரியான அளவு. கயிறு விறைத்ததும் அது தொண்டைக்கு ஏறக் கூடாது. ஓடி முடித்ததும் முன்னங்கால் இடுக்கில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்: முடி தேய்ந்தோ தோல் சிவந்தோ இருந்தால் அளவு தப்பு. உங்கள் இடுப்பில் அகலமான பெல்ட், இரண்டுக்கும் நடுவில் இழுபடும் ரப்பர் வைத்த கயிறு. நாய் முன்னே இழுக்க நீங்கள் பின்னே ஓடுகிற இதை கேனிகிராஸ் என்பார்கள். சாதாரண நடைக்கு வேறு பட்டை போடுங்கள். எதைப் போட்டால் இழுக்கலாம் என்பதைச் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும்.

வெயிலில் மட்டும் வேண்டவே வேண்டாம். புழுக்கமும் அதே அளவு ஆபத்து. மூச்சிரைத்துத்தான் நாய் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது; காற்றில் ஈரம் கூடினால் அது பலிக்காது. நாக்கு அகண்டு தொங்கி, நடை தள்ளாடினால் அங்கேயே நிறுத்தி, உடம்பில் தண்ணீர் ஊற்றி, மருத்துவரிடம் ஓடுங்கள். சூடு தாங்காது என்று ரோமத்தை மழித்துவிடாதீர்கள். வெயிலிலிருந்து தோலைக் காப்பதும் அதுதான்.

சொன்ன பேச்சு கேட்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பனியில் வண்டி இழுக்கும்போது காலடியில் பனிக்கட்டி மெலிந்திருப்பதை உணர்ந்தால், ஓட்டுபவர் அதட்டினாலும் முன்னோடி நாய் அடியெடுத்து வைக்காது. தானாக முடிவெடுக்கும் அந்தப் புத்திதான் உங்கள் வீட்டிலும் பேசுகிறது. ஓடும்போதே ‘வலது’, ‘இடது’, ‘நில்’ என்று பழக்குங்கள், அதற்கும் மூளை வேலை கிடைக்கும். தோண்டுவதற்குத் தோட்டத்தில் ஒரு மூலையை விட்டுக்கொடுங்கள். வேலியில்லாத இடத்தில் மட்டும் அவிழ்த்துவிடாதீர்கள். ஓர் அணில் குறுக்கே ஓடினால் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது.

முதலில் ஒரு கிலோமீட்டர் போதும், இடையிடையே ஓய்வு நாள் விடுங்கள். ஹார்னஸ் வாங்கும் முன் கழுத்தின் அடிப்பகுதியையும் மார்பையும் அளந்து எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்