எல்.சி. (வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) ஆவணங்களைக் கையாண்டதில் ஏற்பட்ட குறை குறித்துப் புகார்

அனுப்புநர்: தோல் ஏற்றுமதியாளர், பேர்ணாம்பட்டு, வேலூர் மாவட்டம்
பெறுநர்: கிளை மேலாளர், வேலூர்

ஐயா,

மார்ச் 3 அன்று கப்பலேறிய ஆட்டுத்தோலுக்கு இன்றுவரை பணம் வரவில்லை. பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிக்கு முன் வாங்கிய கடன்) வட்டி மட்டும் நாள் தவறாமல் ஏறுகிறது.

கிளையில் விசாரித்தால், "சரக்கு நல்லபடியா போய்ச் சேர்ந்துச்சா சார்?" என்று கேட்கிறார்கள். சேர்ந்தது. ஆனால் எல்.சி.யில் அந்தக் கேள்விக்கே இடமில்லையே! யு.சி.பி. 600 என்ற சர்வதேச எல்.சி. விதிகளின்படி வங்கி பார்ப்பது காகிதத்தை, தோலை அல்ல. காகிதம் எல்.சி.யில் சொன்னபடி இருந்தால், இத்தாலியில் எல்.சி. திறந்த வங்கி பணம் தந்தே ஆக வேண்டும். முன்பின் பார்த்திராத ஆளுக்குச் சரக்கு அனுப்பும் துணிச்சலே அதில்தான் வருகிறது.

மார்ச் 5 அன்று இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது), பேக்கிங் லிஸ்ட் எல்லாம் உங்கள் கிளையில் கொடுத்தேன். 11-ஆம் தேதி முகவரியில் ஊர்ப் பெயரைப் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பித் தந்தார்கள்: ஒரு எழுத்து கூடுதலாம். எங்கள் ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் பஸ் போர்டில் ஒரு மாதிரி, ஜி.எஸ்.டி. சான்றிதழில் ஒரு மாதிரி. நாடு மாறாதவரை விற்பவரின் முகவரி அச்சுப்பிசகாமல் ஒத்திருக்க வேண்டியதில்லை என்று யு.சி.பி.யின் 14-ஆம் பிரிவே சொல்கிறது. இருந்தும் திருத்தி 13-ஆம் தேதி கொடுத்தேன்.

19-ஆம் தேதி, பேக்கிங் லிஸ்டில் கிராஸ் வெயிட் (பேக்கிங்கோடு சேர்த்த எடை) பில் ஆஃப் லேடிங்கோடு பொருந்தவில்லை என்றார்கள். அது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே காகிதம் 5-ஆம் தேதியிலிருந்து உங்கள் மேசையில்தானே இருந்தது? 5 வங்கி வேலை நாளுக்குள், எல்லாக் குறையையும் ஒரே அறிவிப்பில் சொல்வதுதான் விதி. மறுநாளே திருத்திக் கொடுத்து, சீல் வைத்த ரசீது வாங்கினேன்.

கப்பலேறி 21 நாளுக்குள், அதாவது 24-க்குள், ஆவணங்கள் உங்களிடம் வந்தால் போதும். ஏனென்றால், எந்த வங்கியிலும் கொடுக்கலாம் என்ற எல்.சி. அது. 20-ஆம் தேதியே வந்துவிட்டன. நீங்களோ 26-ஆம் தேதி கூரியரில் அனுப்பி, கவரிங் கடிதத்தில் அந்தத் தேதியையே சமர்ப்பித்த தேதியாக எழுதிவிட்டீர்கள். "காலதாமதம்" என்று இத்தாலிய வங்கியிலிருந்து மறுப்பு வந்துவிட்டது. வாங்குபவர் இப்போது விலையில் 6 சதவீதம் குறைத்தால் ஏற்கிறேன் என்கிறார். தோல் விலை தெரிந்தவருக்கு அந்த 6 சதவீதம் எதைத் தின்னும் என்று சொல்ல வேண்டியதில்லை.

20-ஆம் தேதியே ஆவணங்களைப் பெற்றுக்கொண்டதாக அந்த வங்கிக்கு உடனே ஸ்விஃப்ட் (வங்கிகளுக்கு இடையிலான) செய்தி அனுப்புங்கள். டிஸ்க்ரிபன்சி (ஆவணக் குறை) கட்டணத்தையும், 24-க்குப் பிறகான வட்டியையும் என் கணக்கில் வரவு வையுங்கள். 30 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவேன். 20-ஆம் தேதி ரசீதின் நகல் இணைத்துள்ளேன். அசல் என்னிடமே இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நடப்புக் கணக்கு வாடிக்கையாளர்