"வெள்ளையில் ரெடியாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா?"

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

புது கார் வாங்கப் போனவர்களில் மேலே உள்ள கேள்வி காதில் விழாமல் திரும்பியவர்கள் குறைவு. கேட்டதும் சிலர் எழுந்து வந்துவிடுவார்கள். சிலர் "சரி, வெள்ளையே கொடுங்கள்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து வேறு ஏதோ விஷயமாக எங்களிடம் பேச வரும்போது, "அந்த நீலத்துக்கே காத்திருந்திருக்கலாம்" என்பார்கள். இந்த மடல் முக்கியமாக அவர்களை நினைத்து எழுதியது.

எங்கள் தொழில் உங்களுக்குத் தெரியும். நீங்கள் கேட்கும் மாடல், கேட்கும் வேரியண்ட் (ஒரே மாடலில் வசதிகளைப் பொறுத்து வரும் வகை), கேட்கும் நிறம் எந்த டீலரிடம் இருக்கிறது என்று தேடிப் பிடித்துக் கொடுப்பது. எங்களுக்குச் சொந்தமாக வண்டி நிறுத்தி வைக்கும் யார்டு கிடையாது. தள்ளிவிட்டே ஆக வேண்டிய வண்டி எதுவும் எங்களிடம் நிற்கவில்லை. அதனால் எதையும் உங்கள் தலையில் கட்டும் அவசரமும் எங்களுக்கு இல்லை.

இந்த மாதம் முதல் எங்கள் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறோம். நிறம், வேரியண்ட், டெலிவரி நாள் ஆகிய மூன்றில் எதை முதலில் விட்டுக்கொடுப்பீர்கள் என்பதே அது. இதைப் பார்த்துச் சிலருக்குக் கோபம். "பணம் கொடுப்பது நான், நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?" என்று ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒரு மாடலில் 4 வேரியண்ட், 2 எஞ்சின், 2 வகை கியர்பாக்ஸ், 7 நிறம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 112. உள்ளே சீட் இரண்டு நிறத்தில் வருமென்றால் 224. ஒரு டீலர் யார்டில் அந்த மாடல் இருபது முப்பது நின்றாலே அதிகம். மீதியெல்லாம் பிரோஷரில் மட்டும்தான். அதிலும் எல்லாச் சேர்க்கையும் தயாரிக்கப்படுவதில்லை. கூரை கறுப்பாகவும் உடல் சிவப்பாகவும் இருக்கும் டூயல் டோன் பெரும்பாலும் டாப் வேரியண்டில்தான் கிடைக்கும். வசதி குறைந்த பேஸ் வேரியண்டுக்கு இரண்டு மூன்று நிறம் கொடுத்தாலே பெரிது. பிரோஷரின் அட்டைப்படத்தில் பளிச்சென்று நிற்கிறதே ஒரு நிறம், அது எந்தெந்த வேரியண்டுக்கு என்ற விவரம் கடைசிப் பக்கத்து அடியில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் இருக்கும். முதலில் அந்த வரியைப் படியுங்கள்.

டீலரின் பக்கமும் ஒன்று இருக்கிறது. விற்காமல் நிற்கும் வண்டிக்கு அவர் வட்டி கட்டுகிறார். அதனால் எது சீக்கிரம் போகுமோ அதைத்தான் வாங்கி நிறுத்துவார். பெயிண்ட் கம்பெனிகள் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்குகளைப் பார்த்தால், உலகத்தில் புதிதாக வரும் கார்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு வெள்ளை, கறுப்பு, சாம்பல், வெள்ளி இந்த நான்குக்குள் அடங்கிவிடுகின்றன. முதலிடம் வெள்ளைக்கு. மக்கள் கேட்பதால் வெள்ளை நிற்கிறதா, வெள்ளை நிற்பதால் மக்கள் வாங்குகிறார்களா? பாதிக்குப் பாதி என்பது எங்கள் எண்ணம்.

சரி, டீலரிடம் இல்லை, தொழிற்சாலையில் சொல்லிச் செய்து வாங்கலாமே? வாங்கலாம். ஆனால் அங்கே நிறம் என்பது கடைசியில் பூசும் ஒப்பனை இல்லை. வெறும் உலோகக்கூடு முதலில் ரசாயனத் தொட்டியில் முங்கி எழும். பிறகு மின்சாரம் பாயும் இன்னொரு தொட்டியில் துருத் தடுப்புப் பூச்சு ஏறும். அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடலாம். ஒவ்வொரு முறை நிறம் மாற்றும்போதும் ஸ்பிரே முனையைக் கரைப்பான் ஊற்றிக் கழுவ வேண்டும், உள்ளே நிற்கும் பெயிண்டும் வீண். அதனால் முடிந்தவரை ஒரே நிறத்து வண்டிகளைச் சேர்த்து வரிசையாக அடிக்கிறார்கள். வெள்ளைக்கு முறை அடிக்கடி வரும். நீங்கள் கேட்ட ஆரஞ்சுக்கு, இன்னும் சில பேர் ஆரஞ்சு கேட்க வேண்டும்.

முத்துப் பளபளப்பு வரும் பேர்ல் வகைகளில் சிலவற்றுக்கு நடுவில் ஒரு அடுக்கு அதிகம். அதனால்தான் அவற்றுக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள், அது ஏமாற்று வேலை இல்லை.

சில சமயம் காரணம் கடல் தாண்டி இருக்கும். 2011-ல் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது, பளபளக்கும் ஒருவகை நிறமித் துகளைத் தயாரித்த ஆலை ஒன்று நின்றுபோனது. மெர்க் நிறுவனத்தின் ஆலை, ஃபுகுஷிமா பகுதியில் ஒனஹாமா என்ற இடத்தில் இருந்தது. அந்த ஒரு துகளுக்காக அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் ஒரு கறுப்புக்கு ஆர்டர் எடுப்பதையே நிறுத்தி வைத்தது, சில சிவப்புகளையும் குறைத்துக்கொண்டது. கார் தயார், எஞ்சின் தயார், பெயிண்டில் கலக்கும் தூள் இல்லை! 2021-ல் சிப் தட்டுப்பாடு வந்தபோது இடி வேரியண்டின் மேல் விழுந்தது. சீட் சூடாக்கும் வசதி போன்றவற்றை எடுத்துவிட்டு வண்டியை அனுப்பிய கம்பெனிகள் உண்டு. அந்தச் சமயத்தில் தேடிக் கொடுத்த ஒவ்வொரு வண்டிக்கும் நாங்கள் வசதிப் பட்டியலை வரிவரியாக டிக் அடித்துப் பார்த்தோம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

(பிடித்த நிறம் கேட்பது பேராசை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃபோர்டு மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது என்பது பலருக்குத் தெரியும். அதற்கு முன் அதே கார் சிவப்பிலும் பச்சையிலும் சாம்பலிலும் வந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. 1920-களின் நடுவில், சீக்கிரம் காயும் டியூகோ பெயிண்டைக் கொண்டு ஜெனரல் மோட்டார்ஸ் வண்ண வண்ணமாக விற்க ஆரம்பித்ததும், 1926 மாடலில் ஃபோர்டும் நிறங்களைத் திரும்பக் கொண்டுவந்தது.)

இப்போது எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஒரு வாடிக்கையாளர் "கிரே" கேட்டார். தேடினோம், கிடைத்தது, கொண்டுவந்து நிறுத்தினோம். அவர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார், சாவியை வாங்கவில்லை. அந்த மாடலில் இரண்டு கிரே இருந்தது. ஒன்றில் லேசாக நீலம் ஓடும், இன்னொன்று ஈரச் சிமெண்ட் போல இருக்கும். அவர் மனதில் இருந்தது சிமெண்ட். இரண்டு நிறத்தின் மாதிரித் தகடுகளையும் ட்யூப் லைட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தால், சத்தியமாக எங்களுக்கே வித்தியாசம் தெரியவில்லை. வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் சாய்த்ததும் நீலம் கிளம்பிவிட்டது. வேறு வண்டி தேட மேலும் ஐந்து வாரம் ஆனது. அன்றிலிருந்து படிவத்தில் நிறத்தின் பெயரை மட்டும் எழுதுவதில்லை, கம்பெனியின் பெயிண்ட் குறியீட்டையும் சேர்த்து எழுதுகிறோம். அந்தக் குறியீடு வண்டியிலேயே ஒரு தகட்டிலோ ஸ்டிக்கரிலோ இருக்கும். பெரும்பாலும் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணில், இல்லாவிட்டால் பானட்டுக்குக் கீழே.

எனவே போனில் பார்த்த படத்தை நம்பி நிறத்தை முடிவுசெய்ய வேண்டாம். ஷோரூம் விளக்கையும் நம்ப வேண்டாம். மெட்டாலிக் நிறத்துக்குள் நுண்ணிய அலுமினியத் துகள் படுத்திருக்கிறது. நேராகப் பார்த்தால் ஒரு நிறம், பக்கவாட்டில் பார்த்தால் கொஞ்சம் இருண்ட நிறம். அந்த நிறத்தில் ஓடும் வண்டி ஒன்றைக் காலையிலும் மாலையிலும் தெருவில் பார்த்துவிடுங்கள், அது போதும். அப்புறம், பம்பர் மட்டும் ஒரு சாயல் மாறித் தெரிந்தால் உடனே "இடித்து ரீபெயிண்ட் செய்த வண்டி" என்று பதற வேண்டாம். பம்பர் பிளாஸ்டிக். உலோகத்துக்குக் கொடுக்கும் சூட்டை அது தாங்காது என்பதால் பெரும்பாலும் தனியாக, குறைந்த சூட்டில் பெயிண்ட் ஏறுகிறது. சாயல் இலேசாக மாறுவது புது வண்டியிலும் உண்டு. சந்தேகமிருந்தால் கதவிலும் பானட்டிலும் பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவியை வைத்துக் காட்டுகிறோம். ஒரு கதவு மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு தடித்திருந்தால் அது வேறு கதை, அந்த வண்டியை நாங்களே திருப்பி அனுப்பிவிடுவோம்.

வேரியண்ட் விஷயத்தில் எங்கள் கருத்து கொஞ்சம் கறார். பின்னாடி போட்டுக்கொள்ள முடிந்த வசதி, முடியாத வசதி என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். ரிவர்ஸ் கேமரா, சீட் கவர், ஸ்பீக்கர் எல்லாம் பின்னாடி போடலாம். வயரை வெட்டி ஒட்டினால் வாரண்டியில் சிக்கல் வரலாம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஏர்பேக் அப்படி இல்லை, தானாகப் பிரேக் போடும் வசதியும் அப்படி இல்லை. இவை இல்லாத வேரியண்டைப் பிடித்த நிறத்துக்காக எடுக்கிறேன் என்று வந்தால் நாங்கள் வாக்குவாதம் செய்வோம், முன்கூட்டியே மன்னிக்கவும். நிறத்தையாவது ஃபிலிம் ஒட்டி மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் சில ஆண்டுகள்தான் ஆயுள், பல நாடுகளில் வண்டியின் பதிவு ஆவணத்திலும் நிறத்தை மாற்றச் சொல்வார்கள்.

எங்களைக் கேட்டால் மூன்றில் டெலிவரி நாளை விட்டுக்கொடுங்கள் என்போம். ஆனால் பழைய வண்டியை விற்றுவிட்டு நிற்பவரிடம் காத்திருங்கள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. அவரவர் நிலைமை அவரவருக்கு. அதனால்தான் கேட்கிறோம்.

தேடிக் கிடைத்துவிட்டது என்று நாங்கள் போன் செய்யும்போது நீங்கள் சந்தோஷத்தில் கேட்க மறப்பவை சில உண்டு. வண்டி வேறு டீலரிடமிருந்து வருகிறதா? அப்படியானால் லாரியில் ஏற்றி வருகிறதா, ஓட்டி வருகிறார்களா? ஓட்டி வந்தால் மீட்டரில் தெரியும், அதை ஒப்புக்கொண்ட பிறகே வரட்டும். அரிதான நிறம் உடனே கிடைக்கிறது என்றால், யாரும் வாங்காமல் பல மாதம் நின்ற வண்டியாகவும் இருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். வண்டி அதற்குப் பிறகு தயாரானது என்று பொதுவாக ஊகிக்கலாம். நின்ற வண்டியை வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். பேட்டரியைப் பரிசோதித்து, டயரைப் பார்த்து, விலையில் அதற்கான குறைப்பைக் கேட்டு வாங்கலாம். வண்டியின் அடையாளமான சேசிஸ் எண்ணில் எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 17 இருக்கும். முழுப் பணம் கட்டும் முன் அதை எழுத்தாக வாங்கி, வண்டியில் பொறித்திருப்பதோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வராது. 1, 0 என்ற இலக்கங்களோடு குழப்பம் வரக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. உங்கள் காகிதத்தில் ஓ என்று இருந்தால், யாரோ தப்பாக எழுதியிருக்கிறார்கள்.

கடன், காப்பீடு பற்றிய தாள்கள் பழையபடியேதான், அதில் மாற்றம் இல்லை.

புதிய படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறோம். ஏற்கெனவே புக் செய்து காத்திருப்பவர்களும் ஒன்றை நிரப்பி அனுப்புங்கள். உங்கள் முறை மாறாது, தேடல்தான் கொஞ்சம் சுலபமாகும். "எதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்" என்று எழுதினாலும் சரிதான், அப்படி எழுதியவர்களுக்கும் வண்டி தேடிக் கொடுத்திருக்கிறோம். கேள்வியை மட்டும் காலியாக விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியைத் தேடிக்கொண்டிருக்கும் நாங்கள்