நாலு கதவு ராம்ப்ளருக்கும் ஒரு இடம் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பழைய கார்களைச் சேகரிப்பவர்கள் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. ஆனால் எல்லாமே இரண்டு கதவு வண்டிகள், அவற்றிலும் பாதி கூரை மடக்கும் கன்வெர்டிபிள்கள். வால் துடுப்பு, குரோமியம், ஏல விலை என்றே கட்டுரை ஓடி முடிந்துவிட்டது. அந்தக் காலத்து அமெரிக்க அப்பாவும் அம்மாவும் மூன்று நான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன வண்டி ஒன்றுகூட அதில் இல்லை. அது எனக்கு வருத்தமாக இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள கெனோஷாவில் வசிக்கிறேன். சிகாகோவுக்கும் மில்வாக்கிக்கும் நடுவில் இருக்கும் ஊர். மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவர் இங்குள்ள இன்ஜின் ஆலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தார். இந்த ஊர் செய்த கார்தான் ராம்ப்ளர். டெட்ராய்ட்டைத் தெரிந்தவர்களுக்குக்கூடக் கெனோஷாவைத் தெரிவதில்லை. இத்தனைக்கும் 1961இல் அமெரிக்காவில் விற்பனையில் மூன்றாவது இடத்தில் இருந்தது ராம்ப்ளர்தான்.

அதைச் செய்த அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனம் 1954இல் நாஷ்-கெல்வினேட்டரும் ஹட்சனும் இணைந்து உருவானது. ஆமாம், நம் வீடுகளில் ஃப்ரிட்ஜ் என்றால் சட்டென்று நினைவுக்கு வந்த அதே கெல்வினேட்டர். குளிர்பதனம் தெரிந்த நிறுவனம் என்பதால்தான் 1954லேயே நாஷ் காரில் ஏர் கண்டிஷனர் முழுவதையும் வண்டியின் முன்பக்கத்திலேயே அடக்கி வைக்க முடிந்தது. மற்ற கம்பெனிகள் பல அப்போது டிக்கிக்குள் பெரிய பெட்டியை வைத்துக் குழாய் இழுத்துக்கொண்டிருந்தன. அமெரிக்கன் மோட்டார்ஸின் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் ராம்னி. பெட்ரோலைக் குடிக்கும் டைனோசர்கள் என்று மற்றவர்களின் பெரிய கார்களைச் சாடியவர். அளவான வண்டி, ஆறு பேர் உட்காரும் இடம், குறைந்த செலவு என்பதுதான் அவர் சொன்ன வழி. 1962இல் பதவியை விட்டு மிச்சிகன் ஆளுநர் தேர்தலுக்குப் போனார். அவர் காலத்தில் உருவாகி, அவர் போன பிறகு சந்தைக்கு வந்ததுதான் 1963 ராம்ப்ளர் கிளாசிக். அந்த ஆண்டு 'மோட்டார் ட்ரெண்ட்' இதழின் 'ஆண்டின் சிறந்த கார்' விருது ராம்ப்ளருக்குக் கிடைத்தது.

எங்கள் வீட்டில் இருப்பதும் அதுதான். 1963 கிளாசிக் 660, நாலு கதவு, ஆறு சிலிண்டர், ஸ்டீயரிங் தண்டில் கியர். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆலையின் அசெம்பிளி வரிசையில் வேலை பார்த்தவர். இந்த வண்டியைப் புதிதாக வாங்கி மூன்று பிள்ளைகளை அதிலேயே வளர்த்தார். அவர் காலமான பிறகு அவருடைய மகள் எங்களிடம் கொடுத்தார். பின்சீட்டில் ஒரு கிழிசல், அதன்மேல் அவர் மனைவி கையால் போட்ட தையல். பின்பக்கச் சாம்பல் தட்டின் மூடியில் ஊசியால் கீறிய பிள்ளை எழுத்துகள். முன்பெட்டியில் ஆயில் மாற்றிய தேதிகளைப் பென்சிலால் எழுதி வைத்த அட்டை. நான் எதையும் மாற்றவில்லை. சீட் துணியை மாற்றித் தருவதாகச் சொன்னவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு கண்காட்சி மைதானத்தில் வண்டியைச் சுற்றி வந்த ஒருவர் என்னிடம் விலை கேட்டார். சந்தோஷமாகப் பேச ஆரம்பித்தேன். அவருக்கு வேண்டியது முன்கிரில், முன்கண்ணாடி, பம்பர் மட்டும் என்று பிறகுதான் தெரிந்தது. அவரிடம் இரண்டு கதவு கிளாசிக் ஒன்று இருக்கிறதாம், அதற்கு எடுத்துப் பொருத்த வேண்டுமாம். "நாலு கதவுதானே, பார்ட்ஸுக்கு ஆகும்" என்றார். ஒரு குடும்பம் கோயில் சிலையைப்போலத் துடைத்து வைத்திருந்த வண்டியைப் பற்றி அப்படிச் சொன்னது எனக்கு இன்றும் ஆறவில்லை. அவர் ஒருவர் மட்டும் அல்ல. பழைய கார் உலகத்தில் பலருக்கும் நாலு கதவு என்றால் இளக்காரம்தான்.

இந்த இளக்காரத்தால் என்ன நடந்தது என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த காரையே சொல்கிறேன். 1957 செவ்ரலே பெல் ஏர் நாலு கதவு செடான் 2.5 லட்சத்துக்கு மேல் தயாரானது. அதே ஆண்டின் பெல் ஏர் கன்வெர்டிபிள் 50,000க்கும் குறைவு. இன்று எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் கன்வெர்டிபிள்தான் முன்வரிசையில் நிற்கிறது. செடான்களில் எத்தனையோ அதற்காகவே கிரில்லும் பம்பரும் கழற்றப்பட்டு இரும்புக் கடைக்குப் போயின. நிறைய செய்தார்கள், அதனால் எப்போதும் நிறைய இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். கன்வெர்டிபிளுக்கு முழு பாடியையே இன்று புதிதாகச் செய்து விற்கிறார்கள். ராம்ப்ளர் கிளாசிக்குக்கு அப்படிச் செய்து தர யாரும் இல்லை. இதில் ஒன்று போனால் போனதுதான்.

1963 கிளாசிக்கில் கன்வெர்டிபிளே கிடையாது. நடுத்தூண் இல்லாத ஹார்ட்டாப்பும் கிடையாது. இரண்டு கதவு செடான், நாலு கதவு செடான், நாலு கதவு ஸ்டேஷன் வேகன், அவ்வளவுதான். குடும்பத்துக்காகவே செய்த வண்டி அது. வரைந்தவர்கள் எட்மண்ட் ஆண்டர்சனும் ரிச்சர்ட் டீகும். பக்கக் கண்ணாடிகள் வளைந்திருக்கும். கதவுச் சட்டம் முழுவதையும் துண்டு துண்டாக ஒட்டாமல் ஒரே தகட்டில் அழுத்தி எடுத்தார்கள். அதனால் கதவு சாத்தும் சத்தமே தனி. வெல்டு செய்த பாடியை அப்படியே துரு தடுக்கும் ப்ரைமர் தொட்டியில் முக்கி எடுத்தார்கள். சைலன்சருக்குப் பீங்கான் பூச்சு. பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் இரண்டு அறை கொண்டது; ஒரு பக்கம் ஆயில் போனாலும் மறுபக்கம் பிடிக்கும். 1968இல்தான் அரசாங்கம் அதைக் கட்டாயமாக்கியது. ராம்ப்ளரில் 1962லிருந்தே எல்லா வண்டிகளுக்கும் உண்டு. அதுவரை பெரும்பாலான அமெரிக்க கார்களில் ஒரு குழாய் உடைந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. கவர்ச்சிக்குச் செலவழிக்காமல் இதற்கெல்லாம் செலவழித்த கம்பெனியை நான் மதிக்கிறேன்.

முன்சீட்டுக்கு இடுப்பு பெல்ட்டும் உண்டு. முன்சீட்டில் பெல்ட் இருக்க வேண்டும் என்று முதலில் சட்டம் போட்ட மாநிலம் எங்கள் விஸ்கான்சின்தான். 1962 மாடலிலிருந்து அது அமலுக்கு வந்தது. எத்தனையோ விபத்து வார்டுகளைப் பார்த்தவள் என்ற முறையில் இதை நான் பெருமையாகச் சொல்கிறேன்.

சீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முன்சீட்டின் முதுகு பின்னால் மடங்கி, பின்சீட்டோடு சேர்ந்து படுக்கையாகிவிடும். ஊர் இளைஞர்கள் அதைப் பற்றிக் கேலி பேசியதெல்லாம் உண்டு. பெரியவர் வீட்டில் அதற்கு வேறு பயன். கோடை விடுமுறையில் தெற்கு டகோடாவரை போகும்போது பிள்ளைகள் அதில்தான் தூங்கினார்களாம். 1956 நெடுஞ்சாலைச் சட்டத்தால் நாடு முழுக்கப் பெரிய சாலைகள் போடப்பட்டுக்கொண்டிருந்த காலம். லாட்ஜ் வாடகை மிச்சம், இரவிலும் பயணம். ஒரு தொழிலாளியின் குடும்பம் நாட்டைப் பார்த்தது இப்படித்தான்.

வண்டியை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். பழைய கூட்டை வைத்துக்கொண்டு உள்ளே புதிய வி-8 இன்ஜின், டிஸ்க் பிரேக், தோல் சீட் போட்டுவிடும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அவரவர் காசு, அவரவர் விருப்பம். ஆனால் அதற்குப் பிறகு மேடு ஏறும்போது அந்த வண்டியின் வைப்பர் ஏன் மெதுவாக அசைந்தது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. இன்ஜின் உறிஞ்சும் காற்றின் இழுவிசையால் ஓடுகிற வைப்பர் அது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் இழுவிசை குறையும். ஈடுகொடுக்க பெட்ரோல் பம்பிலேயே இன்னொரு பம்பைச் சேர்த்திருந்தார்கள். மழையில் ஓட்டிய அம்மாக்கள் இதைத் தெரிந்துதான் ஓட்டினார்கள். இன்ஜினும் அப்படித்தான். 195.6 கன அங்குலம், 127 குதிரைத்திறன். 1941 நாஷில் வந்த சிறிய இன்ஜினின் வழிவந்தது. 1956இல் வால்வுகளை மேலே கொண்டுபோனார்கள். காலம் தவறாமல் ஹெட் (இன்ஜினின் மேல்மூடி) போல்ட்டுகளை அளவு பார்த்து இறுக்கினால் சண்டை போடாமல் ஓடும். மாநிலச் சட்டமே இந்த வித்தியாசத்தை மதிக்கிறது. மாற்றம் செய்யாத 20 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்குத்தான் இங்கே சேகரிப்பு நம்பர் பிளேட். மாற்றியமைத்த வண்டிக்கு வேறு பிளேட்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரி அல்ல. 2009இல் காப்பீட்டுக் கம்பெனிகளின் ஆதரவில் நடக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் (IIHS) 1959 பெல் ஏர் நாலு கதவு காரையும் 2009 செவ்ரலே மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டுப் படம் பிடித்தது. பழைய வண்டியின் ஸ்டீயரிங் தண்டு உள்ளே வந்த விதத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நல்ல நிலையில் இருந்த பழைய காரை நொறுக்கிவிட்டார்களே என்று சேகரிப்பாளர்கள் கோபப்பட்டார்கள். எனக்கும் மனம் வலித்தது. ஆனாலும் அந்தச் சோதனை சொன்னது உண்மை. அதனால் பின்சீட்டிலும் பெல்ட் போட்டிருக்கிறேன். இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைப் பக்கம் வண்டியைக் கொண்டுபோவதில்லை. ஏரிக்கரைச் சாலையோடு சரி.

சிகாகோவிலும் மில்வாக்கியிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர் பழைய கார் வாங்க ஆசைப்பட்டு என்னிடம் கேட்கிறார்கள். இந்தக் கடிதம் அவர்கள் கண்ணிலும் படும் என்பதால் சொல்கிறேன். நாலு கதவு வாங்குங்கள். இரண்டு கதவு ஹார்ட்டாப்புக்குக் கேட்கிற விலையில் ஒரு பகுதிதான் ஆகும், வீட்டில் எல்லோரும் ஏறலாம். ஆனால் வண்டியின் அடியில் படுத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ராம்ப்ளருக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ். எங்கள் ஊரில் பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அடித்தகட்டைத் தின்றிருந்தால் அது மேல்பூச்சு வேலை அல்ல, எலும்பு முறிவு. ஆறு சிலிண்டரில் அலுமினிய பிளாக் ஒன்றும் செய்தார்கள். அதில் ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் மேல்மூடிக்கும் நடுவே உள்ள அடைப்பான்) தொல்லை அதிகம். வார்ப்பிரும்பு பிளாக்கைத் தேடுங்கள். முன் சஸ்பென்ஷனின் மூட்டுகளான ட்ரனியன்களுக்குக் கிரீஸ் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இன்றைய பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் பழைய ரப்பர் குழாய்களை முதல் வேலையாக மாற்றுங்கள்.

கெனோஷாவில் கார் உற்பத்தி 1988 டிசம்பரோடு நின்றது. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்கன் மோட்டார்ஸைக் கிரைஸ்லர் நிறுவனம் வாங்கியிருந்தது. இன்ஜின் ஆலையும் 2010இல் மூடப்பட்டது. ஏரிக்கரை ஆலை இருந்த இடத்தில் இப்போது வீடுகளும் அருங்காட்சியகமும். கெனோஷா வரலாற்று மையத்தில் ராம்ப்ளர்களைப் பார்க்கலாம். இந்தப் பக்கம் வரும் வாசகர்கள் அவசியம் போய்ப் பாருங்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இதே பொருளில் மறுபடியும் எழுதும்போது நாலு கதவு ராம்ப்ளரையும், ப்ளிமத்தையும், ஃபோர்டு ஸ்டேஷன் வேகனையும் படத்தோடு போடுங்கள். ஏல விலைக்குப் பதிலாக அவற்றை ஓட்டிய குடும்பத்தைப் பற்றி எழுதுங்கள். இங்கே எங்கள் தெருவிலேயே அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர், உங்கள் வாசகி
கெனோஷா, விஸ்கான்சின்